உண்ணும் பகுதி

போன மாதம் ஹப்சிகுடாவில் ஒரு மீன் கடைக்குள் நின்று என் மகளோடு சண்டை போட்டேன். ஏசி போட்ட கடை. கண்ணாடிப் பெட்டிக்குள் தோலில்லாத, முள்ளில்லாத வெள்ளைத் துண்டுகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் ஒரு பச்சை ஸ்டிக்கர். ஆய்வகத்தில் சோதித்தது, சுத்தமானது என்று அதில் இங்கிலீஷில் போட்டிருப்பதாக மகள் பவானி படித்துச் சொன்னாள். அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் ஓர் எவர்சில்வர் டப். அதில் ஸ்டிக்கர் இல்லை. பங்கஸ் மீனின் தலைகளும் தோலும் வயிற்றுப் பட்டைகளும் குவிந்து கிடந்தன. பங்கஸ் என்பது குளத்தில் தீனி போட்டு வளர்க்கிற செதிலில்லாத மீன். வயிற்றில் மஞ்சளாகக் கொழுப்பு இருக்கும், உறைந்த நெய் மாதிரி.

பவானி டப்பின் முன்னால் நின்றுவிட்டாள்.

"அம்மா, இதோ! கொழுப்பு எப்படி இருக்கு பாரு. ரெண்டு தலை, கொஞ்சம் வயிறு வாங்கிக்கலாமா? உன் கையால புலுசுக் குழம்பு வெச்சு எத்தனை வருசம் ஆச்சு!"

நான் கடைக்காரரைக் கேட்டேன்: "இது டெஸ்ட் பண்ணதா?"

"ஹவ் அம்மா, ஆமா. எல்லாம் டெஸ்ட் பண்ண மீனுதான்."

"மீன்ல எதை டெஸ்ட் பண்ணாங்க? பொட்டலத்துல கீறதையா, டப்புல கீறதையா?"

அவர் பவானியைப் பார்த்துச் சிரித்தார். "அக்கா, அம்மா ரிடையர்டு இன்ஸ்பெக்டரா?"

"நான் இன்ஸ்பெக்டர் இல்லப்பா. நான் மீன் வெட்டினவ. சொல்லு, தலையை டெஸ்ட் பண்ணாங்களா?"

"தலைக்கு எதுக்கும்மா டெஸ்ட்?"

"வேணாம். எடுத்து உள்ள போடு" என்று கத்தினேன். கடையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பவானிக்கு முகம் சிவந்துவிட்டது. "நக்கோ மா, வேணாம், போதும்! எல்லாரும் பாக்குறாங்க" என்று என் முழங்கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தாள். வெளியே வந்ததும் அவள் கேட்டதுதான் இத்தனை நாளாக என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

"சின்னு பிறந்தப்போ மூணு மாசம் இதைத்தானே எனக்கு ஊட்டி ஊட்டி விட்ட? இப்ப என்ன வந்துச்சு?"

என்ன வந்தது என்று அவளிடம் பதினான்கு வருடமாகச் சொல்லவில்லை.

இந்தத் தெலுங்கு ஊரில் இருக்கிற நம் தமிழர்கள் போடுகிற ஆண்டு மலருக்கு, ஓய்வு பெற்றவர்கள் வேலை அனுபவத்தை எழுதித் தரும்படி கேட்டிருந்தார்கள். இனிமையாக ஒரு பக்கம் இருந்தால் போதும் என்றார்கள். எனக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்பு. அரக்கோணத்தில் மூன்று, லாலாகுடா ரயில்வே காலனியில் ஒரு மாமியிடம் இரண்டு. தமிழ் எழுத்து எல்லாம் தெரியும், இங்கிலீஷில் எண் மட்டும் தெரியும். எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். சொன்னதைத் திருத்தாதீர்கள். இது இனிமையாக இருக்காது.

மல்லாபூரில் பிஸ்கட் கம்பெனி, மருந்துக் கம்பெனி, பெயிண்ட் கம்பெனி எல்லாம் தாண்டி ஒரு சந்துக்குள் எங்கள் லேப் இருந்தது. தின்கிற பொருளைச் சோதிக்கிற தனியார் லேப். பால், மிளகாய்த்தூள், எண்ணெய், மாட்டுத்தீனி, மீன். கண்ணாடிச் சாமான் கழுவுகிற வேலைக்குத்தான் நான் போனேன். என் வீட்டுக்காரர் சனத்நகரில் லேத் மெஷினில் இருந்தார். அந்தக் கம்பெனி மூடிவிட்டது, அதனால் போனேன். மூன்று வருடம் கழுவினேன். குழாய், குடுவை, புனல் எல்லாவற்றுக்கும் பெயர் கற்றேன். அதற்குமேல் அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

பிறகு மீன் வர ஆரம்பித்தது. மீன் தீனி செய்கிற பெரிய கம்பெனி ஒன்று, தன் தீனியைத் தின்று வளர்ந்த மீனில் விஷம் இல்லை என்று சர்ட்டிபிகேட் கேட்டு வாராவாரம் ஐஸ் பெட்டியில் அனுப்பியது. லேப்பில் படித்தவர்கள் பதினோரு பேர் இருந்தார்கள். மீனை எப்படிப் பிடிப்பது என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. ஒருத்தர் கத்தியை வாலில் வைத்தார். நான் கழுவுத் தொட்டியிலிருந்து பார்த்துச் சிரித்துவிட்டேன். அன்றிலிருந்து கத்தி என் கைக்கு வந்தது. பத்தொன்பது வருடம் என் கையில் இருந்தது. என்னைப் போல வெட்ட அந்த லேப்பில் ஆள் இல்லை. இதை நான் பெருமைக்காகவே சொல்கிறேன்.

எங்களுக்கு மேலே வரதராஜன் சார். கும்பகோணத்துக்காரர். ராணுவ ஆராய்ச்சி வேலையில் இருந்து ஓய்வு பெற்று, தார்நாகாவில் வீடு கட்டிக்கொண்டு, இங்கே வந்தவர். சட்டையைக் கைப் பொத்தான்வரை போட்டிருப்பார். ஒரு நாள்கூட லேட்டாக வந்ததில்லை. என்னை 'நீ' என்று ஒரு தடவைகூட அழைத்ததில்லை. லேப் ஓனரே எங்களை 'ஏய்' என்பார், சார் 'கன்னியம்மா, வாங்கோ' என்பார். அதற்காக அவர் சொன்னதையெல்லாம் நான் வேதம் என்று எடுத்துக்கொண்டேன்.

மீன் இருக்கும் அறைக்குள் மட்டும் வரமாட்டார். வாசல்படியில் நிற்பார், மூக்கில் கைக்குட்டை. அங்கிருந்தபடியே எல்லாம் பார்ப்பார், எல்லாம் சொல்வார்.

"கன்னியம்மா, கத்தியை அசிட்டோன்லே துடைச்சேளா?"

"தொடைச்சேன் சார்."

"எத்தனை தடவை?"

"மூணு."

"தலையிலே எண்ணெய் வெச்சுண்டிருக்கேளா?"

"லேசா சார்."

"போய்த் துணி கட்டிண்டு வாங்கோ. உங்க தலையெண்ணெய் ஒரு சொட்டு விழுந்தா போதும், நாலு நாள் வேலை குப்பை. நாம தேடறது கண்ணுக்குத் தெரியாத அளவு."

மேஜையில் பிளாஸ்டிக் வரக்கூடாது. மீனை அலுமினியத் தாளில் வைக்க வேண்டும், தாளின் மங்கலான பக்கம் மீன்மேல் படும்படி. கழுவின குடுவையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். தண்ணீர் திட்டுத்திட்டாக நின்றால் மறுபடி கழுவ வேண்டும். ஒரே விரிப்பாக வழிந்தால் தலையாட்டுவார். அந்தத் தலையாட்டலுக்காக நான் ஒரு குடுவையை ஆறு தடவைகூடக் கழுவியிருக்கிறேன்.

வெட்டுகிற முறையை அவர் எனக்காக ஒரு தாளில் தமிழில் எழுதி மேஜைக்கு மேலே சுவரில் ஒட்டினார். அந்த லேப் முழுவதும் இங்கிலீஷ். தமிழில் இருந்த ஒரே தாள் அது, எனக்கு மட்டும் எழுதினது. எழுத்து முத்து முத்தாக இருக்கும். இன்றும் மனப்பாடம்.

உண்ணும் பகுதி மட்டும் எடுக்க.
தலை, வால் நீக்குக.
தோல் உரித்து நீக்குக.
வயிற்றுப் பகுதி, கொழுப்பு நீக்குக.
வெள்ளைச் சதை மட்டும் அரைக்க.

அப்படியே செய்தேன். முதுகுப் பக்கச் சதையை எடுத்து, மிக்ஸியில் அரைத்து, தராசில் நிறுத்து, உப்பு மாதிரி ஒரு வெள்ளைத்தூளோடு கலந்து கல்லுரலில் அரைப்பேன். அந்தத் தூள் மீனில் இருக்கிற ஈரத்தைக் குடித்துவிடும். அரைக்க அரைக்க மீன் வறுத்த ரவை மாதிரி உதிரும். அதைக் காகிதக் கூட்டில் அடைத்துக் கண்ணாடிக் குழாயில் இறக்கிக் கீழே அடுப்பைப் போடுவேன். குடுவையில் இருக்கிற ஹெக்சேன் என்கிற, கொழுப்பைக் கரைக்கிற திரவம் கொதித்து மேலே ஏறும். குளிர்ந்து மீன்மேல் சொட்டும். குழாய் நிறைந்ததும் தானாகவே வடிந்து குடுவைக்கே இறங்கும். மறுபடி ஏறும். காலையில் போட்டால் வேலை முடிகிறவரை அதுபாட்டுக்கு நடக்கும். கடைசியில் ஹெக்சேனை விரட்டிவிட்டால் குடுவையின் அடியில் மீனின் கொழுப்பு மட்டும் நிற்கும். விஷம் இருந்தால் அந்தக் கொழுப்பில்தான் இருக்கும். அதன்பிறகு படித்தவர்களின் வேலை.

எங்கள் குடுவையில் கொழுப்பு பெரும்பாலும் இருக்காது. விரலால் தொட்ட கண்ணாடி மாதிரி ஒரு மங்கல், அவ்வளவுதான். ரிப்போர்ட்டும் நல்லதாகவே போகும்.

சரி. நீக்கினது எங்கே போனது?

என் பையில் போனது. தலை, தோல், வயிற்றுப் பட்டை, சில சமயம் சினை. தொட்டுப் பார்த்தால் விறைப்பாக இருக்கும், அன்று பிடித்த மீன். குப்பையில் போட மனம் வருமா? காகிதத்தில் சுருட்டி வீட்டுக்கு எடுத்துப்போவேன். எல்லோருக்கும் தெரியும். சாருக்கும் தெரியும். ஒரு நாள் வாசல்படியில் நின்று கேட்டார்.

"அதை எல்லாம் என்ன பண்றேள், கன்னியம்மா?"

"கொழம்பு வெப்பேன் சார். வயித்துப் பட்டையை வறுத்தா அதுலயே எண்ணெய் வந்துரும்."

"சிவ சிவா" என்று கைக்குட்டையை அழுத்திக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கு எனக்கு உடம்பு எரிகிறது.

பவானி பிள்ளைப்பேற்றுக்கு என் வீட்டுக்கு வந்தாள். ஏழாம் மாதத்தில் வந்தவள், சின்னு பிறந்து மூன்று மாதம்வரை இருந்தாள். பிள்ளைத்தாய்ச்சிக்கும் பால் கொடுக்கிறவளுக்கும் மீன் நல்லது என்று எங்கள் பக்கம் எல்லோரும் சொல்வார்கள். வாரம் இரண்டு தடவை லேப்பில் மீன் வரும். நல்ல தலையாகப் பொறுக்கி அவளுக்குத்தான் கொண்டுபோனேன். குழம்பின் மேலே விரல் கனத்துக்கு எண்ணெய் மிதக்கும். "சாலு அம்மா, சாலு" என்று தட்டை மூடுவாள். போதுமாம். கையை நகர்த்திவிட்டு ஊற்றுவேன்.

அந்த மாதங்களில்தான் மல்லையா வந்தார்.

மல்லையா நகரத்துக்கு வெளியே நான்கு குளம் வைத்துப் பங்கஸ் வளர்க்கிற விவசாயி. அந்தக் கம்பெனித் தீனிதான் போடுகிறார். அவருடைய மீனை வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஆள் ஒருத்தர் வேறு ஊர் லேப்பில் சோதித்துவிட்டு, விஷம் இருக்கிறது, வேண்டாம் என்று திருப்பிவிட்டார். நாங்கள் கொடுத்த ரிப்போர்ட்டில் அதே குளத்து மீன் சுத்தம். இரண்டு தாளையும் ஒரு ஐஸ் பெட்டி மீனையும் ஒரு மூட்டைத் தீனியையும் டிராலி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அவரே நேரில் வந்துவிட்டார். சார் அன்று லீவு, பேரனின் பூணூல் என்று சென்னைக்குப் போயிருந்தார். மல்லையா மீன் அறை வாசலில் நின்று இரண்டு தாளையும் என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"ஏதி நிஜம் அம்மா?"

எது உண்மை என்று கேட்டார். தாளைப் படிக்கத் தெரியாத என்னிடம்.

உள்ளே இருந்து ஸ்வப்னா வந்தாள். கெமிஸ்ட்ரி படித்துவிட்டு அந்த வருடம்தான் சேர்ந்த பெண், கம்மம் பக்கம். அவளும் நானும் தெலுங்கு பாதி, ஹிந்தி பாதியாகப் பேசுவோம். இரண்டு தாளையும் வாங்கிப் படித்தாள். மறுபடி படித்தாள். பிறகு சுவரில் இருந்த தமிழ்த் தாளைக் காட்டினாள்.

"ஆன்ட்டி, அதுல என்ன எழுதியிருக்கு?"

படித்துச் சொன்னேன். தலை நீக்குக, தோல் நீக்குக, கொழுப்பு நீக்குக. அவள் முகம் மாறியது.

"அவங்க தோலோட, வயித்தோட அரைச்சிருக்காங்க. நாம எடுத்துட்டு அரைச்சிருக்கோம்." மேஜையை இரண்டு தடவை தட்டினாள். "ஆன்ட்டி, இன்னிக்கு ரெண்டு குடுவை போடலாம். ஒண்ணு சார் சொன்ன மாதிரி. ஒண்ணு நீக்கினது மட்டும்."

போட்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கவனமாக வெட்டினதில்லை. சாயங்காலம் இரண்டு குடுவையையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தோம். ஒன்றில் வழக்கமான மங்கல். இன்னொன்றில் இரண்டு விரல் உயரத்துக்கு மஞ்சள் நெய். என் குழம்பின் மேலே மிதக்கிற அதே நெய். அதே நிறம்.

இரண்டு நாள் கழித்து மெஷின் ஒரு தாளைத் தள்ளியது. எனக்கு இங்கிலீஷ் தெரியாது, எண் தெரியும். மேல் வரியில் புள்ளிக்குப் பிறகு சைபர் சைபராக ஒரு சின்ன எண். கீழ் வரியில், நீக்கினதற்கு, புள்ளிக்கு முன்னாலேயே எண் இருந்தது. என்ன எண் என்று இங்கே எழுதமாட்டேன். தாள் கையில் இல்லாமல் எண் சொல்லக்கூடாது என்பது சார் சொல்லிக்கொடுத்தது. அதை இன்னும் கடைப்பிடிக்கிறேன்.

ஸ்வப்னா எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். பழைய பூச்சிமருந்து, டிரான்ஸ்பார்மருக்குள் ஊற்றுகிற எண்ணெய், இந்த மாதிரி சில விஷம் மண்ணிலும் தண்ணீரிலும் போய் அழியாமல் கிடக்குமாம். சின்ன மீன் அதைத் தின்கிறது. அந்தச் சின்ன மீனைக் காயவைத்துப் பொடியாக்கி, எண்ணெய் எடுத்து, குளத்து மீனுக்குத் தீனியில் கலக்கிறார்கள். குளத்து மீன் தினம் தினம் தின்கிறது. தினமும் ஒரு துளி. தண்ணீரில் கரைகிற விஷம் என்றால் வெளியே போய்விடும். இது கொழுப்பில்தான் கரையும். அதனால் வெளியே போகாது, கொழுப்பிலேயே தங்கிவிடும். எத்தனை நாள் வளர்கிறதோ அத்தனை சேரும்.

"வேக வெச்சா போயிருமா?"

"போகாது ஆன்ட்டி. சுட்டு, கொழுப்பை வடிய விட்டா கொஞ்சம் குறையும். நீங்க குழம்புல அதைப் பிடிச்சு வெக்கிறீங்களே."

"மனுசன் தின்னா?"

"அதே கதைதான். நம்ம கொழுப்புல தங்கும். வருசக்கணக்கா."

"எப்பதான் வெளிய வரும்?"

அவளுக்கு என் வீட்டு விஷயம் தெரியாது. கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "நமக்கா? பெருசா வெளிய வர்றதுன்னா ஒரே வழிதான் ஆன்ட்டி. தாய்ப்பால்."

நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். அந்த அறையில் வேலை நேரத்தில் நான் உட்கார்ந்தது அன்று மட்டும்தான். என்ன ஆன்ட்டி, என்ன ஆன்ட்டி என்றாள். சொன்னேன். கேட்டுவிட்டு, பால் கொடுப்பதை நிறுத்தச் சொல்லாதீர்கள், பாலில் இருக்கிற நல்லது பெரியது, இந்தக் கொழுப்பை மட்டும் நிறுத்துங்கள் என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு மூன்று தடவை சொன்னாள். சின்னப் பெண்.

சார் திங்கட்கிழமை வந்தார். வாசல்படியில் நின்றார், கைக்குட்டையோடு. ஸ்வப்னா மெஷின் தாளைக் கொடுத்தாள். படித்தார். முகத்தில் ஒன்றும் இல்லை.

"யார் சொல்லி ரெண்டாவது போட்டேள்?"

"நான்தான் சார்" என்றாள் ஸ்வப்னா.

"புஸ்தகத்திலே எடிபிள் போர்ஷன்னு இருக்கு. உண்ணும் பகுதி. நாம அதைத்தான் டெஸ்ட் பண்றோம். குப்பைத்தொட்டியை டெஸ்ட் பண்றதில்லே."

எனக்கு நாக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. பத்து வருடம் 'சரி சார்' சொன்ன நாக்கு.

"சார், உண்ணும் பகுதின்னா இன்னா சார்?"

"சாப்பிடற பாகம், கன்னியம்மா."

"யாரு சாப்பிடற பாகம்?"

அவர் மறுபடி தாளைப் பார்த்தார்.

"நீங்க மீன் துன்னதே இல்லயே சார். அப்புறம் எப்படி எழுதினீங்க?"

"தலையையும் தோலையும் யாரும்மா சாப்பிடுவா?" என்றார்.

என்னைப் பார்த்துக்கொண்டே கேட்டார். 'சிவ சிவா' என்று சிரித்த அதே வாய். பத்து வருடமாக என் பையைப் பார்த்த அதே கண். 'யாரும்' என்ற சொல்லில் நான் இல்லை. என் மகள் இல்லை. மல்லாபூர் வெள்ளிக்கிழமைச் சந்தையில் தலை கேட்டு நிற்கிற ஒரு பொம்பிளையும் இல்லை.

ஸ்வப்னா போய் அந்தப் புத்தகத்தையே எடுத்து வந்தாள். உண்ணும் பகுதி என்று எழுதினதற்கு அடுத்த வரியைப் படித்தாள். அந்த ஊர் மக்கள் எப்படித் தின்பார்களோ அப்படி எடுக்க வேண்டும், தோலோடு தின்றால் தோலோடு என்று இருந்ததாம். சார் எனக்காகத் தமிழில் எழுதினபோது அந்த வரியை விட்டுவிட்டார். வேண்டும் என்றே விட்டார் என்று நான் சொல்லமாட்டேன். அவருக்கு அந்த வரி கண்ணிலேயே பட்டிருக்காது. என் தலையெண்ணெய் ஒரு சொட்டுக்காக வாசலில் நின்று கண்டித்த மனிதருக்கு, ஒரு முழு வயிறு கண்ணில் படவில்லை. எனக்கு ஆத்திரம் அதுதான். திருடன் என்றால் திட்டிவிட்டுப் போயிருப்பேன்.

வரி கண்ணில் பட்டபிறகு என்ன செய்தார்? அதையும் சொல்லவேண்டும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தீனிக் கம்பெனி இந்த முறைப்படிதான் சோதிக்கச் சொல்லியிருக்கிறது, இத்தனை வருட ரிப்போர்ட் வெளியே போயிருக்கிறது, இப்போது முறையை மாற்றினால் எல்லாவற்றுக்கும் யார் பதில் சொல்வது என்று தனக்குள்ளேயே பேசிக்கொண்டார். பிறகு மெஷின் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"கன்னியம்மா, அந்த ரெண்டாவது ஃப்ளாஸ்கைக் கழுவி வெச்சுடுங்கோ."

அன்றைக்கும் மரியாதையாகத்தான் சொன்னார்.

கழுவினேன்.

நான் கழுவினேன். காரணம் நூறு சொல்லலாம். வீட்டுக்காரருக்கு வேலை இல்லை, வீட்டில் பிள்ளை பெற்ற பெண். சொல்லமாட்டேன், அதெல்லாம் சாக்கு. அந்தக் குடுவையைக் கீழே போட்டு உடைத்திருக்கலாம், தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடியிருக்கலாம். மஞ்சள் கொழுப்பைச் சோப்பு போட்டுத் தேய்த்து, ஆசிட்டில் ஊறவைத்து, தண்ணீரில் மூன்று தடவை, அசிட்டோனில் மூன்று தடவை அலசி, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். தண்ணீர் ஒரே விரிப்பாக வழிந்தது. வாசல்படியிலிருந்து சார் தலையாட்டினார்.

மல்லையாவுக்கு மேல் வரியில் இருந்த அந்தச் சின்ன எண்ணை மட்டும் போட்டு ரிப்போர்ட் கொடுத்தார்கள். "ரெண்டு லேப்பும் சரிதான், முறை வேற" என்று ஓனர் அவரை அனுப்பிவைத்தார். வாசல் கேட் வரை நான் அவர்கூடப் போனேன்.

"மீனை இன்னா பண்ணுவீங்க?" என்று தெலுங்கில் கேட்டேன்.

"வெளிநாட்டுக்காரன் வேணாம்னா ஊர்ல விக்கவேண்டியதுதான் அம்மா. வளர்ந்த மீனு குளத்துல எத்தனை நாள் நிக்கும்? உங்க பேப்பர்லதான் சுத்தம்னு இருக்கே."

"வயித்தைத் துன்னாதீங்க" என்றேன். அவர் சிரித்தார். "வயிறுதானே அம்மா ருசி" என்றார். அவரும் அதைத்தான் தின்கிறார். அவர் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கும்.

ஸ்வப்னா நான்கு மாதத்தில் பெங்களூருக்குப் போய்விட்டாள். சுவரில் இருந்த தாள் அப்படியே இருந்தது. ஈரத்தில் கசங்குகிறது என்று அதற்கு லாமினேஷன் வேறு போட்டார்கள்.

என்னால் முடிந்தது ஒன்றே ஒன்று செய்தேன். நீக்கினதை எல்லாம் ஒரு வாளியில் போட்டு, அதன்மேல் ஃபினாயில் ஊற்றினேன், யாரும் எடுக்க முடியாதபடி. வாட்ச்மேன் சம்சாரம் வழக்கமாகப் பாதி வாங்கிப்போவாள். வாளியைப் பார்த்துவிட்டுத் தெருவில் நின்று கத்தினாள்.

"ஏ அரவதானா, தமிழ்க்காரி, நீ துன்ன வரைக்கும் துன்னுட்டு, எங்களுக்கு வர்றப்போ ஃபினாயில் ஊத்துறியா? உனக்கு எவ்ளோ திமிர்!"

எவ்வளவோ சொன்னேன். விஷம் என்றேன். "அப்ப கொடுக்கிற பேப்பர்ல சுத்தம்னு ஏன் எழுதறீங்க?" என்று கேட்டாள். நான் ஓய்வு பெறுகிற நாள்வரை அவள் என்னோடு பேசவில்லை.

எனக்குப் பிறகு கத்தியைப் பிடிக்க ஒடிசாவிலிருந்து ஒரு பெண் வந்தாள். தமிழ்த் தாள் அவளுக்குப் படிக்கத் தெரியாது. நான் வெட்டுவதைப் பார்த்தே கற்றாள். பதினைந்து நாளில் என்னைப் போலவே வெட்டினாள், தலை நீக்கி, தோல் நீக்கி, வயிறு நீக்கி. நான்தான் காட்டிக்கொடுத்தேன். இதையும் என் பேரில் எழுதிக்கொள்ளுங்கள்.

சார் போன வருடம் காலமாகிவிட்டார். போய்ப் பார்த்தேன். மாலை போடவில்லை. அவர் நல்லவர்தான், யாரும் அதை எனக்குச் சொல்லவேண்டாம். நல்லவர் எழுதின தாள்தான் அந்தச் சுவரில் இருக்கிறது.

இனி வீட்டுக் கதை. குடுவை கழுவின அன்று நான் வெறும் பையோடு வந்தேன். பவானி பிள்ளையை மடியில் போட்டுப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். "என்னம்மா, இன்னிக்கு சேப்பல புலுசு இல்லையா?" என்று மீன் குழம்பைக் கேட்டாள். சின்னு பாலைக் குடித்துவிட்டு, வாயோரம் வழிய, என்னைப் பார்த்தாள்.

"லேப்புக்கு இனிமே மீன் வராதாம்" என்றேன்.

அந்தப் பொய்தான் பதினான்கு வருடமாக ஓடுகிறது. சின்னுவுக்கு ஒரு குறையும் இல்லை. ஓடுகிறாள், பள்ளிக்கூடத்தில் கபடி ஆடுகிறாள். ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லலாம். ஒன்றும் ஆகவில்லை என்று எந்த லேப்பாவது தாள் கொடுக்குமா? எங்கள் லேப் தாள் எனக்கு வேண்டாம். அது எப்படி எழுதப்படும் என்று எனக்குத் தெரியும்.

என் பொய்யினால்தான் பவானி அந்த டப் முன்னால் ஆசையாக நின்றாள். அம்மா ஊட்டினது என்ற ஆசை. பச்சை ஸ்டிக்கரைப் பார்த்து, அம்மா லேப் மாதிரி ஒரு லேப் பார்த்துக் கொடுத்தது என்ற நம்பிக்கை. அந்த ஸ்டிக்கர் எந்த லேப்புடையது, எதை வெட்டி ஒட்டினார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்டது ஒரே கேள்வி, எந்தப் பாகம் என்று. அதற்கு அந்தக் கடைக்காரர், தலைக்கு எதுக்கு டெஸ்ட் என்று என்னையே கேட்டார். மீன் வாங்குகிறவர்கள் எல்லோரும் அதைக் கேளுங்கள். சத்தமாகக் கேளுங்கள். மானம் போனால் போகட்டும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை சின்னுவின் பிறந்தநாள். நீ இல்லாமலே அந்தக் கடைக்குப் போய்த் தலை வாங்கி வருகிறேன், நீ வந்து புலுசு மட்டும் வெச்சுக் கொடு என்று பவானி போனில் சொல்லியிருக்கிறாள். காலையிலேயே போய்விடப்போகிறேன், அவள் கடைக்குக் கிளம்புவதற்கு முன்னால். போனிலேயே சொல்லியிருக்கலாம். நான்கு தடவை ஆரம்பித்தேன். நான்கு தடவையும் வேறு ஏதோ பேசிவிட்டு வைத்தேன். அதனால்தான் உட்கார்ந்து, எழுத்துக்கூட்டி, இத்தனை நாளாக இதை எழுதினேன்.

எழுதி முடித்த பிறகுதான் நினைவு வந்தது. அவள் இங்கே தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். தமிழ் கேட்டால் புரியும், படிக்கத் தெரியாது. இந்தத் தாளை அவள் கையில் கொடுத்துவிட்டு நான் அடுப்படிக்குப் போய் நிற்க முடியாது. அவளையும் சின்னுவையும் எதிரே உட்கார வைத்து, முதல் வரியிலிருந்து, நான்தான் வாய்விட்டுப் படிக்க வேண்டும். ஒரு வரியையும் விடாமல்.